ஃப்ரீஸரில் பேரிங், ஓவனில் என்ஜின்

என் மூத்த மகனுக்கு, உன் தங்கை வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை.

கடிதம் கண்டதும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு. உன் தங்கை புருஷன் சமையலறையைப் பட்டறையாக்கிவிட்டார். புல் வெட்டுகிற மெஷின், மருந்தடிக்கிற மெஷின் என்று செத்துப்போன சின்ன என்ஜினெல்லாம் இங்கேதான் வந்து சேருகிறது. ஃப்ரீஸரைத் திறந்தால் பேரிங் என்கிற இரும்பு வளையம். அதையும் பையில் சுற்றி, பச்சைக்குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி வைத்திருக்கிறார். ஓவனுக்குள் என்ஜினின் அலுமினியக் கூடு. "என்ன மாப்பிள்ளை, உப்புப் போட்டீங்களா? வேக எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். "கூடு சூட்டுல விரியும் அத்தை, பேரிங் குளிர்ல சுருங்கும். சுத்தியலே வேணாம், தானா உள்ள போய் உட்காரும்" என்றார். தானாக உட்காருமாம்! முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்று என் தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டிவிட்டு, மிஞ்சிய ஸ்க்ரூக்களை என் கையில் கொடுத்து, "இதெல்லாம் இல்லாமலே ஓடும்" என்றவர்தானே இவர். நான் மறப்பேனா?

நேற்று உன் தங்கை வேலைக்குப் போயிருந்தாள். இவர் கையுறை மாட்டிக்கொண்டு, கொதிக்கிற கூட்டை ஓவனிலிருந்து எடுத்துப் பலகைமேல் பிடித்துக்கொண்டு, "அத்தை, பேரிங்கை எடுத்து நேரா குழியில போடுங்க, சட்டுனு!" என்று கத்தினார். எடுத்தேன். இரண்டு கையும் மாட்டிக்கொண்டு எங்கேயும் ஓட முடியாமல் நிற்கிறாரே, இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? தையல் மெஷின் விவகாரத்தை முதலிலிருந்து கேட்டேன். அப்படியே இவருடைய அண்ணன் வீடு கட்டியபோது என்னை மட்டும் கூப்பிடாமல் விட்டதையும் கேட்டேன். "அத்தை, கையில வச்சிருந்தா சூடாயிடும் அத்தை..." "பேச்சை மாத்தாதீங்க!" எல்லாவற்றையும் கேட்டு முடித்து நான் போட்டபோது, பேரிங் பாதி இறங்கிச் சாய்ந்து சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதற்கு என்னைப் பார்த்து முறைக்கிறார்! உயிருள்ளவள் கை சூடாகத்தானே இருக்கும்? குளிர்ந்த கை வேண்டுமானால் நான் செத்த பிறகு கேட்கட்டும்.

இனி ஒரு நாளும் இங்கே இருக்க மாட்டேன். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். உன் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, பேரிங்குக்கு அது தேவலை. பிள்ளைகள் நன்றாகப் படித்து, மெஷின் பக்கமே போகாமல் பெரியவர்களாகட்டும்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அந்தக் கூட்டை மறுபடி சூடாக்கிக் கவிழ்த்தார், பேரிங் தானாக விழுந்தது. அதைத் திரும்பவும் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, கூட்டையும் ஓவனில் சூடாக்கிக்கொண்டு, "இந்தத் தடவை திட்டி முடிச்சிட்டு எடுக்கலாமா அத்தை?" என்று கேட்டார். என்ன திமிர்! கோபத்தில் வாயே திறக்காமல் எடுத்துப் போட்டேன். டொக்கென்று ஒரே சத்தம், சமமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. மெஷினும் ஓடுகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "அத்தை போட்ட பேரிங்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இதற்கெல்லாம் மயங்குகிறவளா நான்? நாளைக்கு இன்னும் இரண்டு என்ஜின் வருகிறது, இந்த மனுஷனைத் தனியாக விட முடியாது. அதனால் நீ வர வேண்டாம். மீறி வந்தால் வாசலிலேயே நில். பேரிங் கையில் இருக்கும்போது நான் யாரோடும் பேசுவதில்லை.