கணுக்காலில் பி.பி.

முப்பது வருடம் ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்த ஓட்டம் நடத்தியவன் நான். சிவப்பு, நீலம் என்று இரண்டு சாக்பீஸில் படம்கூடப் போடுவேன். அந்த ரத்தம் என் காலுக்கும் போயாக வேண்டும் என்பது ரிடையரான பிறகுதான் உறைத்தது.

இருநூறு அடி நடந்தால் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். வலி என்று சொல்ல மானம் தடுத்தது. அதனால் பஜாரில் கடைக்குக் கடை நின்று விலை விசாரிப்பேன். (சேலைக் கடைக்காரர் ஒருவர் என்னை மொத்த வியாபாரி என்று நம்பி நாற்காலி போட்டார்.) என் மனைவி சரோஜா முன்னால் போய், திரும்பிப் பார்த்துவிட்டு, தனியாகவே நடப்பாள்.

மகனுக்கு அமெரிக்க விசா கிடைத்தால் நாங்கள் இருவரும் திருமலைக்கு நடந்தே ஏறுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கிடைத்தது. அவன் போனான். வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துபோனது.

படியேறும் முன், ரகசியமாகத் திருப்பதியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வாத்தியாருக்குத் தெரிந்தது பரீட்சைக்குத் தயாராவதுதானே. பதினைந்து நாள் சிகரெட் இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் கேழ்வரகுக் கூழ். அதன் பிறகே ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பாஸ்.

டாக்டருக்கு என் மகன் வயது. ரத்தம் ஜாடைதான் காட்டும், காலில் அடைப்பு இருப்பதைக் காலில்தான் பார்க்க வேண்டும் என்று தெலுங்கில் பொறுமையாகச் சொல்லி, பி.பி. பட்டையை என் கணுக்காலில் சுற்ற வந்தார். பி.பி.யைக் கையில் பார்ப்பார்கள் என்பதுகூடத் தெரியாமல் எந்தக் காலேஜில் படித்தாய் என்று அதட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மலை. நூறு படி தாண்டவில்லை, கால் கல்லாகிவிட்டது. நின்று விலை கேட்க அங்கே சேலையும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். சரோஜா இறங்கி வந்து எத்தனை நாளாக என்று கேட்டாள். ரெண்டு வருஷம் என்றேன்.

அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "இதுக்கா கட கடையா நின்னுக்கினு இருந்தீங்க? படிச்சவரு, என்கூட சேந்து நடக்க வெக்கப்பட்றாருன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, இருவரும் சேர்ந்தே இறங்கினோம்.

அதே டாக்டர் கணுக்காலில் பட்டை சுற்றினார். இந்த முறை நானே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். அடைப்பு தெரிந்தது; ஆபரேஷனில் இரண்டு கால்விரல்கள் போயின, கால் தப்பியது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தால், மகன் அங்கிருந்து போனில், "நைனா, கணுக்கால்ல பாத்தாச்சா?" என்பான். அவன் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சரோஜா இருந்தவரை நான் டாக்டரை அதட்டியதை அவள்தான் நடித்துக் காட்டுவாள். படியில் தான் சொன்னதை மட்டும் விட்டுவிடுவாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. படியில் அவள் சொன்னது மகனுக்கு இன்னும் தெரியாது.