திரும்பிப் பார்த்த ஜனாதிபதி

ரொறன்ரோ மாநகரில் ஒரே கோடையில் பதினொரு தடவை சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஜனாதிபதி அண்ணைதான். ஒவ்வொரு தடவையும் செத்து முடித்து, கோட்டைத் தட்டிவிட்டு, ஸ்காபரோ பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டவர். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பெயரால் யார் கூப்பிடப் போகிறார்கள்?

நான் அப்போது நகரத்துச் சரித்திர மியூசியம் ஒன்றில், பொது நிகழ்ச்சிகள் பகுதியில், ஒப்பந்த வேலையில் இருந்தேன். தியேட்டரில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றி அந்தக் கோடையில் ஒரு கண்காட்சி. பேராசிரியர்களின் பேச்சு வைத்தோம், பிள்ளைகளுக்குத் தொப்பி செய்யும் வகுப்பு வைத்தோம், ஈ ஓட்டினோம். கடைசியில், சனிக்கிழமைகளில் கொலையை நடித்தே காட்டுவது என்று மனேஜர் முடிவெடுத்தார். சுட ஆள் இருந்தது. சாகத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, இலவச அனுமதி நாளில் அண்ணை வந்து சேர்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம், ஒட்டிய கன்னம், மீசையில்லாத தாடி. ஏன் மீசை இல்லையென்றால், "சோத்துக்குள்ளை விழுது பிள்ளை" என்பார். அவர் ஜனாதிபதியின் படத்துக்கு முன்னால் அதே அச்சாக நின்றதும் சனம் அவரோடு போட்டோ எடுக்க வரிசையில் நின்றது. அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் நின்று கொடுத்தார். மனேஜர் என்னை முதுகில் தள்ளாத குறையாக அனுப்பினார்.

"அண்ணை, நடிக்க விருப்பமோ?"

"ஆராய்?"

"அமெரிக்க ஜனாதிபதியாய். பேச்சு ஒண்டுமில்லை. கதிரையிலை இருந்து நாடகம் பாக்கவேணும். பிறகு பின்னாலை வந்து சுடுவினம்."

"உது எங்களுக்குப் பழகின விஷயம்தானே" என்றார்.

கொலைகாரனாக நடித்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். பரம சாது. முதல் சனிக்கிழமை அவர் விளையாட்டுத் துவக்கோடு பூனைபோல வந்தார். அண்ணை சடாரென்று திரும்பி அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். நான்தான் போய் இழுத்து வந்தேன்.

மனேஜர் என் மூலமாக விளக்கினார்: அந்த ஜனாதிபதி திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர் திரும்பேல்லை. அதுதான் செத்தவர்" என்றார் அண்ணை. "நான் திரும்புவன்."

அதற்குப் பிறகு டாக்டர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சுடப் பழகினார். சூடுபட்ட அண்ணை லேசில் சாகமாட்டார். எழுந்து நின்று நெஞ்சைப் பிடிப்பார். சுட்டது தலையில் என்று ஞாபகம் வந்ததும் கையை மேலே மாற்றுவார். மூன்றாவது சனிக்கிழமை தண்ணீர் கேட்டார், முன்வரிசைப் பெண் ஒருத்தி போத்தலை நீட்ட, மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "தாங் யூ" சொல்லிவிட்டுச் செத்தார்.

உடையையும் மாற்றமாட்டார். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஒருநாள் நேரே செத்த வீட்டுக்கு, அதாவது இங்கே உடலைப் பார்வைக்கு வைக்கும் மண்டபத்துக்குப் போயிருக்கிறார். அங்கே வேலை செய்பவர்களும் கறுப்புக் கோட்டுத்தானே! சனம் அவரிடம் தகனம் எத்தனை மணிக்கு, மாலையை எங்கே வைப்பது என்றெல்லாம் கேட்டிருக்கிறது. இவரும் விசாரித்து விசாரித்துப் பதில் சொல்லி, கடைசிவரை நின்று எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிட்டார். வீட்டுக்குப் போனபிறகுதான் அவருக்கே தெரிந்ததாம், தான் போகவேண்டியிருந்தது வேறொருவருடைய செத்த வீட்டுக்கு என்று.

பேச்சுக்கு வராத சனம் அண்ணையின் சாவுக்கு வந்தது. பொறுக்குமா? சரித்திரத்தை மாற்றுகிறார்கள் என்று ஒரு பேராசிரியர் புகார் எழுதினார். பதினோராவது காட்சிக்கு மியூசியத்தின் பெரிய தலைகள் வருவதாக ஏற்பாடு. மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இந்த முறை திரும்பினால் அவருக்கு இங்கே இடமில்லை. உன் ஒப்பந்தத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டிவரும்" என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"அண்ணை, இந்த ஒருக்கா மட்டும் திரும்பாமல் செத்திடுங்கோவன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஊரிலை, சண்டை நேரம், என்ரை தம்பி மீன் வாங்கச் சைக்கிளிலை போனவன். பின்னாலை வந்து சுட்டவங்கள். ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தா, அவனுக்காவது தெரிஞ்சிருக்கும். நான் திரும்பாமல் இருக்கமாட்டன் பிள்ளை. உங்கடை மனேஜரிட்டைச் சொல்லுங்கோ."

நான் மனேஜரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பதினோராவது சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. டாக்டர் வந்தார். அண்ணை திரும்பியது மட்டுமல்ல, எழுந்தே நின்றார். ஆங்கிலத்தில், வலு மரியாதையாக, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார். டாக்டர் வெலவெலத்துத் தன் சொந்தப் பெயரையே சொல்லிவிட்டார்.

"நன்றி. இனிச் சுடுங்கள்" என்று சொல்லி அண்ணை கதிரையில் இருந்தார்.

டாக்டர் சுட்டார். அண்ணை அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை, எழுந்து நிற்கவில்லை. ஒரு நொடியில் தலையைச் சாய்த்துச் செத்துப்போனார். கைதட்டக்கூட ஒருவரும் துணியவில்லை. நான் கதவுப் பக்கம் போய் நின்று அழுதேன்.

இனி மியூசியப் படியே மிதிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அடுத்த சனிக்கிழமை புது ஜனாதிபதி, சொன்ன சொல் தட்டாத ஒரு கணக்கு வாத்தியார், கதிரையில் பிள்ளையார்போல அசையாமல் இருந்தார். டாக்டர் பின்னால் வந்தார். துவக்கு உயர்ந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"ஐயோ, பின்னாலை பாருங்கோ!"

தமிழில்தான் கத்தினேன். மண்டபமே திரும்பியது. வாத்தியாரும் திரும்பினார். டாக்டர் துவக்கைக் கீழே போட்டுவிட்டார்.

அன்று மாலை அண்ணைக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். நான் கத்தியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அவர் திரும்பினவரோ?"

"ஓம் அண்ணை. திரும்பிப் பாத்தவர்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "சாப்பிட்டியளோ பிள்ளை?" என்று கேட்டார்.

அன்றைக்கே என் வேலை போய்விட்டதை இன்றுவரை அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி மனேஜரிடம் நியாயம் கேட்கப் போயிருப்பார். இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். கோபிக்காதேங்கோ அண்ணை, அந்தக் கத்தலுக்காக நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.