தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு துளை

புகுந்த வீட்டில் நம் வேலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. செய்து காட்டாமல் இருப்பது அதைவிட நல்லது. இது எனக்குப் புரிந்தது தாராவியில், கல்யாணமான புதிதில்.

நாத்தனார் செல்வியைப் பெண் பார்க்க அன்று காலை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. இரண்டு முறை தட்டிப்போன பிறகு வந்த வரன். ஒரே அறை, காற்று கிடையாது. சுவரில் மாட்ட ஃபேன் வாங்கியாயிற்று. ஆனால் அந்தச் சுவருக்குள் எங்கேயோ தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. பதித்த கொத்தனார் போனை எடுக்கவில்லை.

"நான் பார்த்துச் சொல்றேன் அத்தை" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே.)

செம்பூரில் கட்டடக் கசிவு கண்டுபிடிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் கருவியில் இரண்டு கேமராக்கள் அருகருகே இருக்கும். ஒன்று வெளிச்சத்தைப் பார்க்கும், மற்றது வெப்பத்தை. இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த, அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு, பின்னால் சூடான தகட்டை வைப்போம். ஓட்டைகள் இரண்டு கேமராவுக்கும் தெரியும். ஓட்டைமேல் ஓட்டை உட்காரும்வரை திருத்துவோம். நான் பத்தடி தூரத்தில் அட்டையை வைத்து, மயிரிழை பிசகாமல் திருத்தியிருந்தேன்.

குழாயில் தண்ணீர் ஓடினால்தான் சுவர் குளிர்ந்து, படத்தில் தெரியும். அதனால் தண்ணீர் வரும் நேரத்திலேயே வேலை என்று அடம்பிடித்தேன்.

திரையில் மஞ்சள் சுவர். அதன் நடுவே மெல்ல ஒரு நீலக்கோடு எழுந்தது. செல்வி சுவரில் கையை வைத்து எடுத்தாள். கை போன பின்னும் ஐந்து விரல்களும் அங்கே ஒளிர்ந்தன.

"ஏ எம்மா! செவுத்துக்குள்ள ஓடுறது தெரியுதே!" என்றார் அத்தை. "இது சாமி கண்ணுல்லா!"

தினமும் பார்க்கிற எனக்கே புல்லரித்தது. அந்தப் புல்லரிப்போடு, திரையைப் பார்த்தபடியே, கோட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் பென்சிலால் புள்ளி வைத்தேன்.

"தண்ணி நின்னபொறவு அடிப்போமே" என்றார் என் கணவர் முருகன், கையில் டிரில்லுடன்.

"பேசாம அடில! அவ படிச்சவ" என்றார் அத்தை.

அடித்தார். தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது.

பத்தடியில் பொருந்தும் படங்கள், நான் நின்ற இரண்டடியில் விலகிப்போகும். (தாராவி வீட்டில் பத்தடி பின்னால் போனால் எதிர்வீட்டு அடுப்படி வந்துவிடும்.) விலகல் சரியாக நான்கு விரல். குழாயை வேறு எப்படியும் இவ்வளவு துல்லியமாகத் துளைத்திருக்க முடியாது.

வால்வு சந்து முழுவதற்கும் பொது. மூடப்போனால், டிரம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் "பானி பந்த் மத் கரோ!" என்று, தண்ணீரை நிறுத்தக் கூடாதெனக் கத்தினார்கள். முருகன் துளையைக் கட்டைவிரலால் அடைத்தபடி நின்றார். மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் உள்ளே வந்தார்கள்.

"ஏன் தம்பி, செவுத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிய?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

செல்வி என் கையிலிருந்த கருவியை வாங்கி அவரிடம் நீட்டினாள். திரையில், முருகனின் விரலடியிலிருந்து ஈரம் நீல மரமாகக் கிளை விட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு எதிர்ச்சுவரில் தன் கையை வைத்து எடுத்துப் பார்த்தார். மகனையும் வைக்கச் சொன்னார். பக்கத்தில் செல்வியும் வைத்தாள். இரண்டு கைகளும் அருகருகே ஒளிர்ந்து, மெல்ல மங்கின.

"புள்ளைக்குப் பூ வச்சிருவோம்" என்றார் அந்த அம்மாள்.

செல்வி இப்போது மும்பைக்கு வெளியே கல்யாண் ஊரில், புகுந்த வீட்டில் இருக்கிறாள். அங்கே ஆணி அடிப்பதென்றாலும் எனக்கு வீடியோ கால் வரும். மகளைப் பார்க்கப் போயிருந்தால், திரையின் ஓரத்திலிருந்து அத்தையின் குரலும் வரும்:

"எங்க அடிக்கலாம்னு அவகிட்ட கேளுட்டி. அவ சொல்ற எடத்த மட்டும் விட்டுட்டு, எங்க வேணும்னாலும் அடி!"