பல்லி மேடம் மொட்டைமாடிக்குப் போன மதியம்

எங்கள் கல்லூரியில் பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் பல்லி மேடம்தான். ஹைதராபாத்தில் மாதாப்பூரைத் தாண்டி இருந்த பொறியியல் கல்லூரி அது. நான் இயற்பியல் வாத்தியார். அவர் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கும் கவுன்சலர், மதுரைக்காரர். மேசையில் ஒரு பல்லி விழுந்ததற்காக, வேலைக்கு வந்த முதல் வாரமே மூன்றாம் மாடியைக் காலி செய்ய வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

லிஃப்டில் ஏற மாட்டார். மைக்கைக் கண்டால் மேடையை விட்டே இறங்கிவிடுவார். இவரிடமா பிள்ளைகள் தைரியம் கேட்டுப் போகிறார்கள் என்று நாங்கள் சிரிப்போம். ஆனாலும் அவர் வாசலில் எப்போதும் யாராவது காத்திருப்பார்கள்.

செமஸ்டர் முடிவு வந்த ஒரு மதியம், ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி வகுப்பில் இல்லை. நான்கு பாடத்தில் தோல்வி. அவளைத் தேடி வந்த மேடத்திடம், வீட்டுக்குப் போயிருப்பாள் என்றேன். அவர் பெஞ்சைக் காட்டினார். அவள் பையும் போனும் அங்கேயே கிடந்தன.

நூலகம், கேன்டீன், பஸ் நிற்குமிடம் என்று ஓடினோம். கடைசியில் மொட்டைமாடிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரை ஒட்டி அவள் நின்றிருந்தாள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். மேடம் மட்டும் போனார். நாலடி வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நக்கோ மேடம், வேணாம், கிட்ட வராதீங்க" என்றாள் அவள்.

"வர முடியலம்மா. உசரம்னா எனக்குத் தலை சுத்தும். இப்ப எந்திரிக்கவும் முடியல. கையப் புடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போறியா?"

நடிக்கிறார் என்றே நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் வெளுத்து, வியர்த்துக் கொட்டியிருந்தது. அந்தப் பெண் எவ்வளவு நேரம் யோசித்தாளோ, வந்து கையைப் பிடித்தாள். ஒவ்வொரு படியாக மேடத்தை அவள்தான் இறக்கிக் கூட்டிவந்தாள். பெற்றோர் வரும்வரை இருவரும் கையை விடவில்லை. அன்றே மருத்துவரிடம் போனார்கள்; மேடமும் கூடப் போனார்.

சில வாரம் கழித்து அவள் வகுப்புக்குத் திரும்பினாள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு இந்த வேலை எதற்கு, கொண்டாப்பூர் ஐ.டி. கம்பெனியில் கூப்பிட்டார்களே, போகலாமே என்று மேடத்திடம் கேட்டேன்.

"காலைல கேன்டீன்ல இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு அந்தப் புள்ள சண்டை போட்டுச்சு சார். அதக் கேட்டுட்டு எப்படி சார் போறது?"

இந்த ஆண்டு என் மகளை வேறொரு கல்லூரியில் சேர்த்தேன். கவுன்சலர் அறையை விசாரித்துப் போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் மிகவும் தைரியசாலியாகத் தெரிந்தார். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை.