மேம்பாலத்து ஊட்டி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். நான் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். ஊசியைக் கொடுத்தால் கோடு பிசகாமல் தைப்பேன். பேனாவைக் கொடுத்தால் வரி தானாக மேலே ஏறிப் போய்விடும். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் குத்துமதிப்புதான். பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். நேரில் வந்து சொன்னால் வெட்கத்தில் கடையைப் பூட்டிவிடுவேன்.

என்னிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை என்று வைத்து வீடாக்கினேன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே அது 'கேரவன்'. "இன்னா அண்ணா, இன்னிக்கு சூட்டிங் இல்லியா?" என்று கேட்காமல் யாரும் தாண்டமாட்டார்கள். ஸ்டெல்லாவை (என் மனைவி) இதில் ஊட்டிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். சொல்லி ஏழு வருஷம்.

ஏழு வருஷமும் வண்டி மெக்கானிக்கைத்தான் பார்த்தது. பேட்டரி சாகாமல் இருக்க தினமும் காலையில் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும் (எதிர் வீட்டு அக்கா காயப்போட்ட துணியெல்லாம் புகை வாசம்). கூரையில் துரு. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் கதவு ரப்பர் கிழியும். ரப்பரை மாற்றினால் ரேடியேட்டர் ஒழுகும். கைக்குழந்தைகூட ஒரு நாள் தானாகச் சாப்பிடப் பழகும். இது பழகவே இல்லை.

கடைசியில் ஸ்டெல்லா முடிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு சாமான் போச்சுன்னு வந்து நில்லு, திங்கட்கிழமை காதர் பாய் எடை போட்டு எடுத்துகினு போயிடுவாரு."

காதர் பாய் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரர். என் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் பாசமாகத் தட்டிக்கொடுப்பார். எடை பார்க்கிறார் என்று நான் நடுவில் போய் நிற்பேன்.

அவள் அதைச் சொன்னபோது ஹேண்ட் பிரேக் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் மூச்சுவிடவில்லை. வாசலில் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டக்கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை புயல் எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் புயல் என்றால் முதலில் மெழுகுவத்தி வாங்குவோம், அடுத்து வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவோம். தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்தாலும் பாலத்துக்கு மேலே வராது. விடிந்ததும் எல்லாக் காரும் கிளம்பிவிட்டது. என் வண்டி இருமி இருமி ஸ்டார்ட் ஆனபோது மணி ஒன்பது. "நானும் வரேன். வூட்ல உக்காந்து தண்ணிய வேடிக்கை பார்க்கணுமா?" என்று பால் பாக்கெட், ரவை, போர்வையோடு ஸ்டெல்லாவும் ஏறிக்கொண்டாள்.

பாலத்தின் மட்டமான உச்சி முழுக்கக் கார்கள். எனக்குக் கிடைத்தது ஏறுகிற சரிவு. நிறுத்தின பிறகுதான் கல் ஞாபகம் வந்தது. அது வாசலிலேயே கிடந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். நாலடி தள்ளி, பூஜை போட்ட மாலைகூட வாடாத புத்தம்புதுக் கார் ஒன்று வந்து நின்றது.

கியரில் போட்டு நிறுத்த வேண்டியதுதானே என்பீர்கள். என் வண்டியில் அப்படி நிறுத்தினால் கியரைத் திரும்ப எடுக்க மெக்கானிக் வர வேண்டும். வேறு கல் தேடலாமென்றால் மேம்பாலத்தில் கல் ஏது? யாரையாவது கேட்கலாம். (அப்படிக் கேட்கத் தெரிந்திருந்தால் நான் இந்நேரம் கவுன்சிலர்.) அதனால் வலது காலைப் பிரேக்கில் வைத்தேன். வைத்தது வைத்ததுதான்.

மழை இறங்கியது. முதலில் கீழே தெரு மறைந்தது, பிறகு ஏரி, பிறகு தண்டவாளம். ரயில் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து போனது. மேகம் பாலத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பட்டப்பகலில் எரிந்த விளக்குகள் மஞ்சளாகக் கரைந்தன. கம்பங்கள் தூரத்து மரங்கள் மாதிரி நின்றன. கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய, நிற்கிற வண்டி எங்கேயோ ஏறிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. கட்டிலில் போர்வைக்குள் சுருண்டிருந்த ஸ்டெல்லா திரையை விலக்கினாள். நான் கேட்டே இராத ஒரு குரலில் கேட்டாள்.

"இன்னாங்க, ஊட்டி இப்படித்தான இருக்கும்?"

"ம்."

"இங்க வந்து பாருங்களேன்."

"இங்கேர்ந்தே தெரியுது."

"வாங்கன்னா..."

"நல்லாத் தெரியுது, ஸ்டெல்லா."

திரை வெடுக்கென்று மூடிக்கொண்டது. பிறகு அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது, சற்றுக் கோபமாகவே.

டீ வாசத்துக்குப் புதுக் கார்க்காரர் குடையோடு வந்தார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையாம். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"சூப்பர்க்கா, பாலத்து மேல ஒரு வீடு! அண்ணன் ஏன் முன்னாடியே உக்காந்திருக்காரு?"

"அவரு அப்படித்தான் சார். நாலு பேர் வந்தா ஸ்டீயரிங்கத்தான் பார்ப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். கால் மரத்து, முழங்காலில் எறும்பு ஊர்ந்து, பிறகு அந்த எறும்பும் மரத்துப்போனது. மணி இரண்டிருக்கும். கூரையில் மழை ஒரே தாளமாகத் தட்டியது. வண்டி மலை ஏறியது. வளைவுகள், பனி, உயர உயரமாக மரங்கள். நான் எதையும் மிதிக்கவில்லை, வண்டி தானே போகிறது. மரங்கள் ஏன் முன்பக்கமாகப் போகின்றன என்று மட்டும் சின்னதாக ஒரு சந்தேகம்.

பொத்.

உப்புமா, டீ, விருந்தாளிகள், ஸ்டெல்லா, எல்லாம் பின்கதவில். "ஐயோ, என் காரு!" என்று சிறுசேரி சார் என் வண்டிக்குள்ளிருந்தே கத்தினார். பிரேக்கை மிதிக்கப் பார்த்தேன். என் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கையால் தூக்கி வைத்தேன்.

சார் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் பின்கதவில் ஸ்டெப்னி டயர் மாட்டியிருக்கும். கடையில் மிஞ்சிய பஞ்சையெல்லாம் திணித்து அதற்கு ஒரு மெத்தை உறை தைத்திருந்தேன். ("டயருக்கு எதுக்குய்யா தலகாணி?" என்று ஸ்டெல்லா சிரித்த உறை.) அதுதான் புதுக் காரின் மூக்கில் போய்ச் சாய்ந்திருந்தது. மாலை அறுந்தது, நம்பர் பிளேட் லேசாக வளைந்தது. அவ்வளவுதான்.

ஸ்டெல்லா முன்னால் வந்தாள். முந்தானையில் உப்புமா.

"ஹேண்ட் பிரேக் போச்சு. பத்து நாளாச்சு. கல்ல மறந்துட்டேன்" என்றேன். ஜன்னலில் குடைகளோடு இருபது முகங்கள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே மேடைப் பேச்சு அதுதான்.

"அப்போ காலைலேர்ந்து மிதிச்சுகினேவா இருந்தே?"

"ம்."

"நான் கூப்பிட்டப்போ?"

"அப்பவும்."

யாரோ இரண்டு பேர் கல் எடுத்துவர மழையில் கீழே இறங்கினார்கள். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதர் பாய் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நகருய்யா."

என் கால் மேலேயே தன் காலை வைத்தாள். நான் உருவிக்கொண்டதும் பிரேக்கை அழுத்தி உட்கார்ந்தாள்.

"கல்லு வர்ற வரைக்கும் நான் மிதிக்கிறேன். நீ போய்ப் படு. ஊட்டியப் பார்த்துட்டு வா."

நொண்டிக்கொண்டே போய்ப் படுத்தேன். போர்வையில் அவள் சூடு இருந்தது. ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை, அத்தனை வெள்ளை. கல் வர அரை மணி நேரம் ஆனது. வராமலே இருந்திருக்கலாம்.

சேதி கேட்டுத் திங்கட்கிழமை காதர் பாய் வந்தார். ஸ்டெல்லா வண்டியைக் கொடுக்கவில்லை; அவரிடமிருந்து சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க இரண்டு இரும்புக் கட்டை வாங்கினாள். பாய் அன்றைக்கு வண்டியைத் தட்டிக்கொடுக்கவில்லை. சிறுசேரி சார் அடுத்த வாரம் கடைக்கு வந்து, "அதே பஞ்சுல சீட் கவர் போடுங்கண்ணா" என்றார்.

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்து நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், கல்யாணமாகி நாவலூரில் இருக்கும் மகள் அன்றைக்கு வந்திருந்தால் கேட்பாள்: "அம்மா, அப்பா கால் பிரேக்ல இருக்கா?"

உள்ளேயிருந்து பதில் வரும்: "எடுக்கச் சொல்லாதடி. பின்னால புதுக் காரு நிக்குது."

வெளியே மேகம் கூடிக்கொண்டு வருகிறது. கட்டை இரண்டையும் வண்டிக்குள் வைத்துவிட்டேன். ரவையும் வாங்கியாகிவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.