'இல்லாட்டி' சாரின் பயிற்சி வகுப்பு

நல்ல செய்தியைக் கெடுப்பதில் 'இல்லாட்டி' சாரை மிஞ்ச மைசூரில் ஆளே கிடையாது. அரசுத் திட்டங்களால் நிஜமாகவே பலன் உண்டா என்று சோதித்துப் பார்க்க அதிகாரிகளுக்குச் சொல்லித்தருவது அவர் வேலை. அந்தப் பயிற்சி மையத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். அதாவது, புரொஜெக்டரையும் போண்டாவையும் கவனித்துக்கொள்பவன்.

யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், "அது இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?" என்பார். மாத்திரை போட்டேன், சளி போய்விட்டது என்றேன் ஒருநாள். "போடாட்டியும் போயிருக்கும்" என்றார். ஒரு விருந்தில் எங்கள் இயக்குநர், "கல்யாணத்துக்கு அப்புறம்தான் நான் உருப்பட்டேன்" என்று உருகியபோது, "ஆகாட்டி?" என்று கேட்டேவிட்டார். இயக்குநரின் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

வகுப்புக்கு வரும் அதிகாரிகளுக்குச் சான்றிதழும் குரூப் போட்டோவும் போதும்; மிச்ச நேரத்துக்குச் சாமுண்டி மலை இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் அதிகாரி ஒருவர் எழுந்து, "தையல் மெஷின் குடுத்தோமுங்க. பொம்பளைங்க வருமானம் ஏறிப்போச்சுங்க" என்றார்.

"குடுக்காத ஊர்ல?"

"குடுக்காத ஊருக்கு நாங்க எதுக்குங்க போறோம்?"

வகுப்பே கைதட்டியது. சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் வந்தது வினை. பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், மையத்தின் நிதி அவர் கையில். "நம்ம பயிற்சியால எல்லாரும் மாறிட்டாங்கன்னு பேசிடுங்க" என்றார் இயக்குநர். சாரோ, விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு மட்டும் வகுப்பெடுத்துவிட்டு, இரண்டு தரப்பையும் ஊர் ஊராகப் போய் விசாரித்து வைத்திருந்தார்.

மேடையேறினார். "வகுப்புக்கு வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. ரெண்டு பேரும் மேலதிகாரி சொல்றதைத்தான் செய்யறாங்க."

நான் அவசரமாகப் புரொஜெக்டரை அணைத்தேன். அதுவரை போனில் மூழ்கியிருந்த பெரிய அதிகாரி தலைநிமிர்ந்தார். "தும்ப சென்னாகிதே!" என்று கைதட்டினார். மேலதிகாரி சொன்னதைச் செய்கிறார்களே, ரொம்பப் பிரமாதமாம்.

மையத்துக்கு நிதி வந்தது. சாரின் ஒப்பந்தத்தை மட்டும் இயக்குநர் புதுப்பிக்கவில்லை.

கடைசி நாள் வாசல்வரை கூடவே போனேன். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே சார்?"

"தெரிஞ்சதை மறைச்சா எனக்குச் சோறு இறங்காது மாராயா" என்று மைசூர்ப் பாணியில் என்னை மகராசாவாக்கிச் சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

இப்போது வகுப்புகள் அமைதியாக நடக்கின்றன. யாரும் யாரையும் மடக்குவதில்லை. எல்லோரும் சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். எனக்குத்தான், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளெல்லாம் வேலைக்கு வந்த மாதிரியே இல்லை.