மகள் ரஷ்ய மொழி படிப்பதை நிறுத்தித் தரும்படி

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் மீராலெவ்வைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கை ஸுஹைறாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கத்தார் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். சுகமில்லாத விஷயம் ஒன்றுதான், அதற்காகவே இந்தக் கடிதம்.

மகள் பஸ்லியாவுக்கு ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். இப்போதே அந்த மொழியைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். "வாப்பா, நோயாளிகள் அவங்கட பாஷையிலதானே கதைப்பாங்க, வருத்தம் என்னண்டு விளங்கோணுமே" என்றாள். நியாயம்தான் என்று விட்டேன். நாம் ஆமாம் என்று சொல்லும் 'ஓம்' என்பதற்கு அந்த மொழியில் 'டா' என்பார்களாம். அது தெரியாமல், பெற்ற மகள் என்னை டா போட்டுக் கதைக்கிறாளே என்று நாலு நாள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். விளங்கிக்கொண்ட மறுநாளே சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வட்டிலப்பத்தை ருசி பார்த்து, "இது நீங்க ஆக்கினதா மகள்?" என்று கேட்க, இவள் பழக்கதோஷத்தில் "டா" என்றாள். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் வந்த வான் வண்டி சந்தியைத் தாண்டிவிட்டது. ஸுஹைறா இரண்டு நாள் என்னோடுதான் கதைக்கவில்லை, மகளோடு அல்ல.

போன செவ்வாய்க்கிழமை என் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க நானும் மகளும் அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அறுகம்பைக்குச் சுற்றுலா வந்த ரஷ்யக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார், நேர்ஸ் கையால் கேட்கிறார், ஒன்றும் சரிவரவில்லை. பஸ்லியா பக்கத்தில் குந்தி மெதுவாக ஏதோ கேட்டாள். அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று கதைத்தாள்.

"டாக்டர், அவ மூணு மாசப் புள்ளத்தாச்சி. ஊசி போட முதல் அதச் சொல்லத்தான் அழுறா" என்றாள் மகள்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது, மச்சான். பெருமையில் என்று ஸுஹைறாவிடம் சொன்னேன். உண்மையில் பயம். இப்படிப்பட்ட பிள்ளையைப் படிப்பு முடிந்ததும் அந்த நாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்புவார்களா? ஆகவே நீங்கள் மாமா என்ற முறையில் போன் கோல் எடுத்து, எதையாவது சொல்லி அவளுடைய மொழிப் படிப்பையும் பயணத்தையும் தடுத்துவிட வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் சலாம். உங்கள் தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் ஆதம்பாவா.

பி.கு.: கடிதம் நாலு நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. இதற்கிடையில் மகளின் பயணப் படிவத்தில் கையொப்பம் வைத்துவிட்டேன்; எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். கத்தாரில் பனிக்கு உடுக்கும் கோட் கிடைக்குமா? மூன்று வேண்டும். நாங்கள் இருவரும் கூடப் போய் விட்டுவிட்டு வருவதாக இருக்கிறோம். திரும்பி வருவதைப் பற்றி ஸுஹைறா இன்னும் முடிவு சொல்லவில்லை.